நூறாண்டு பழைய தீவுக் கப்பல் பயணத்தை நாள்வாரியாக மீட்டெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கையில் ஒரு பழைய ஆல்பம் இருக்கும், அல்லது நாலைந்து அஞ்சலட்டைகள், அல்லது பெயர் எழுதாத ஒரு டைரியின் நகல். அதில் “ஜூலை, டோஃபுவா கப்பல், சுவா வழியாக” என்று ஒரே ஒரு வரி. இதை வைத்துக்கொண்டே அந்தப் பயணம் எந்த ஆண்டில் நடந்தது, எந்த நாளில் எந்தத் துறைமுகத்தில் நின்றது, கப்பலில் யார் யார் இருந்தார்கள், ஒரு சின்னத் தீவில் ஏன் மூன்று நாள் காத்துக் கிடந்தார்கள் என்பதுவரை வீட்டிலிருந்தபடியே கண்டுபிடிக்கலாம்.

இந்த வழிகாட்டி 1900 முதல் 1939 வரை ஆக்லாந்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் ஃபிஜி, டோங்கா, சமோவா, சாலமன், நியூகினி தீவுகளுக்குப் போன நீராவிக் கப்பல்களுக்கானது. இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கக் காரணம், நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பழைய செய்தித்தாள்கள் ஏராளமாக ஸ்கேன் செய்யப்பட்டு, இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் படத்திலிருந்தோ ஆளின் பெயரிலிருந்தோ தொடங்குகிறார்கள். அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். வரிசை இதுதான்: கப்பல், பிறகு நாள், பிறகு துறைமுகம், பிறகு ஆள், கடைசியில் படம். ஒரு கப்பல் ஒரு நாளில் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். அந்த இடம் மூன்று நான்கு பத்திரிகைகளில் அச்சாகியிருக்கும். ஆளும் படமும் அப்படி இல்லை.

1. தொடங்கும் முன் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

கப்பல் பெயர், ஏதாவது ஒரு தேதி, ஏதாவது ஒரு ஊர். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் தேடல் முடிவு ஆயிரக்கணக்கில் கொட்டும், உருப்படியாக எதுவும் தேறாது.

பழைய செய்தித்தாள்களுக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ், நியூசிலாந்து தேசிய நூலகத்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், பயணிகள் பட்டியலுக்கு ஃபேமிலிசர்ச். தொடங்க இந்த மூன்று தளங்கள் போதும். ட்ரோவிலும் ஃபேமிலிசர்ச்சிலும் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். தேடியதைச் சேமித்து வைக்க உதவும்.

ஒரு விரிதாளில் ஏழு பத்தி போடுங்கள்: நியூசிலாந்து அல்லது சிட்னித் தேதி, உள்ளூர்த் தேதி, கிழமை, துறைமுகம், வந்ததா போனதா, எந்தப் பத்திரிகை எந்த நாள், குறிப்பு. தேதிக்கு ஏன் இரண்டு பத்தி என்பது 5ஆம் பகுதியில் புரியும். இப்போது வீண் வேலையாகத் தெரிந்தாலும் போட்டுவிடுங்கள். பின்னால் சேர்க்கப் போனால் எல்லா வரிகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டிவரும்.

கிழமைப் பத்தியை விட்டுவிடாதீர்கள். டைரி எழுதுகிறவர் தேதியைத் தவறாக எழுதுவார். ஞாயிற்றுக்கிழமையை அநேகமாகத் தவறவிட மாட்டார், அன்றைக்குக் கப்பலில் பிரார்த்தனை நடந்திருக்கும்.

2. எந்த வகைப் பயணம் என்று பிரியுங்கள்

இரண்டு வகை இருந்தது. ஒன்று, சுற்றுலாவுக்கென்றே விட்ட கப்பல். நியூசிலாந்தின் யூனியன் நீராவிக் கப்பல் நிறுவனம் 1884இல் ‘வைராராப்பா’ கப்பலை ஃபிஜி, டோங்கா, சமோவாவுக்கு அப்படி அனுப்பியது. 1932 டிசம்பரில் பி அண்ட் ஓ நிறுவனத்தின் ‘ஸ்ட்ராத்தேர்ட்’ சிட்னியிலிருந்து பிரிஸ்பேன், நார்ஃபோக் தீவு போய்வந்ததும் இதே வகை.

இன்னொன்று, தபாலும் சரக்கும் ஏற்றிக்கொண்டு வழக்கமாக ஓடும் கப்பலில், போய்வர ஒரே டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறுவது. ‘ரவுண்ட் டிரிப்’ என்று பத்திரிகைகளில் வருவது இதுதான். உங்கள் கையில் இருப்பது அநேகமாக இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்கும்.

இதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். சுற்றுலாக் கப்பல் ஏறத்தாழ விளம்பரத்தில் சொன்னபடி போகும். சரக்குக் கப்பல் கொப்பரை இருக்கும் இடத்துக்குப் போகும். விளம்பரத்தில் இருந்த அட்டவணையை அப்படியே பயண நாட்காட்டியாக எழுதிவைத்துவிட்டுப் பிறகு முழுவதையும் அழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விளம்பரம் என்பது நிறுவனத்தின் எண்ணம். நடந்தது என்ன என்பது பத்திரிகையின் ‘ஷிப்பிங்’ பத்தியில், அதாவது கப்பல் வந்ததும் போனதும் அச்சாகும் இடத்தில் இருக்கிறது.

3. கப்பலை உறுதிசெய்யுங்கள்

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. இந்தத் தடத்தில் ஓடிய கப்பல்களுக்குத் தீவுகளின், ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள். டோஃபுவா டோங்காவில் ஓர் எரிமலைத் தீவு. நவுவா ஃபிஜியில் ஒரு ஆறு, ஊரும்கூட. பர்ன்ஸ் ஃபிலிப் நிறுவனத்தின் ‘மகாம்போ’வுக்கு சாலமனில் துலாகி அருகேயுள்ள குட்டித் தீவின் பெயர். ‘மலைட்டா’ சாலமனின் பெரிய தீவுகளில் ஒன்று. ‘மட்டராம்’ இந்தோனேசியாவின் லொம்பொக் தீவிலுள்ள ஊர்.

அதனால் கப்பல் பெயரை மட்டும் தேடினால் எரிமலைச் செய்தியும் தோட்டத்துச் செய்தியும் கலந்து வரும். கப்பல் பெயரோடு புறப்பட்ட துறைமுகத்தையும் சேர்த்துத் தேடுங்கள். மாத எல்லையும் போடுங்கள்.

அப்புறம், ஒரே பெயரில் இரண்டு கப்பல் இருக்கும். 1908இல் கட்டிய டோஃபுவா ஒன்று, 1951இல் வந்த டோஃபுவா இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் படத்தில் எது என்று பலர் பார்ப்பதில்லை.

இதற்குத் தீர்வு, பிரிட்டிஷ் பதிவுக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் இருந்த அதிகாரபூர்வ எண். கப்பல் கை மாறினாலும் பெயர் மாறினாலும் பிரிட்டிஷ் பதிவில் இருக்கும்வரை எண் மாறாது. லாய்ட்ஸ் பதிவேட்டின் பழைய தொகுதிகள் இணையத்தில் இருக்கின்றன. அதில் எண், கட்டிய ஆண்டு, கட்டிய இடம், நீளம், எந்திரம் எல்லாம் கிடைக்கும். ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல்களுக்கென்று தனித் தரவுத்தளமே உண்டு. இந்தக் கப்பல்களில் பல கிளைட் ஆற்றங்கரையில் கட்டியவை என்பதால் அங்கேயும் ஒருமுறை பாருங்கள்.

‘டன்’ என்பதை எடை என்று எழுதிவிடாதீர்கள். பதிவேட்டில் உள்ள கிராஸ் டன் கொள்ளளவு. 100 கன அடி ஒரு டன்.

4. நாட்காட்டியைக் கட்டுங்கள்: திரும்பி வந்த நாளிலிருந்து பின்னோக்கி

முழு வேலையின் முதுகெலும்பு இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

எல்லோரும் புறப்பட்ட நாளைத் தேடுகிறார்கள். நீங்கள் திரும்பி வந்த நாளைத் தேடுங்கள். கப்பல் புறப்படும்போது பத்திரிகை “தீவுகளுக்குப் புறப்பட்டது” என்று ஒரு வரி போடும், அவ்வளவுதான். திரும்பி வந்ததும் எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதி, எந்த நேரம், வானிலை எப்படி, என்ன சரக்கு என்று ஒரு பத்தி முழுக்க வரும். அந்த ஒரு பத்தி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஆக்லாந்துக்குத் திரும்பிய கப்பல் என்றால் நியூசிலாந்து ஹெரால்டையும் ஆக்லாந்து ஸ்டாரையும் சேர்த்தே பாருங்கள். ஹெரால்ட் காலைப் பத்திரிகை, நேற்று நடந்ததைச் சொல்லும். ஸ்டார் மாலைப் பத்திரிகை, “இன்று காலை” என்றால் அதே நாள். இதைக் கவனிக்காமல் பத்திரிகைத் தேதியையே கப்பல் வந்த தேதியாக எழுதினால் ஒரு நாள் தப்பும். சிட்னிக்கு டெய்லி கமர்ஷியல் நியூஸ் என்ற வணிகப் பத்திரிகை ட்ரோவில் இருக்கிறது. கப்பல் விவரங்களுக்கு அது பெரிய நாளிதழ்களைவிட நுணுக்கமானது.

மாதத்தைச் சொல்லும் மூன்று சுருக்கச் சொற்களைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ‘இன்ஸ்டன்ட்’ இந்த மாதம். ‘அல்டிமோ’ போன மாதம். ‘ப்ராக்சிமோ’ அடுத்த மாதம். அச்சில் இவற்றின் முதல் சில எழுத்துகள்தான் இருக்கும். ஆகஸ்ட் 3 பத்திரிகையில் “28 அல்டிமோ” என்றால் ஜூலை 28. இதைத் தெரியாமல் ஆகஸ்ட் 28 என்று எழுதி, கப்பல் எதிர்காலத்திலிருந்து திரும்பி வந்ததுபோல ஆக்கியவர்கள் உண்டு.

‘கிளியர்ட்’ என்பதும் ‘செய்ல்ட்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது சுங்கத்தில் காகித வேலை முடிந்தது. பின்னது கப்பல் உண்மையிலேயே புறப்பட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு இரவுகூட இருக்கலாம். நாட்காட்டியில் எழுத வேண்டியது பின்னதை மட்டும்.

தேடலில் பெயர் வரவில்லை என்றால் செய்தி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கணினி பழைய அச்சைத் தப்பாகப் படித்திருக்கும். டோஃபுவாவில் உள்ள ‘யூ’ எழுத்தை ‘என்’ என்று படிப்பது வழக்கம். அப்படியே தப்பாக எழுதித் தேடுங்கள், ஒளிந்திருந்த செய்தி வெளியே வரும். அதுவும் பலிக்கவில்லை என்றால் தேடலை விட்டுவிட்டு, அந்த நாள் பத்திரிகையைத் திறந்து ஷிப்பிங் பத்தியைக் கண்ணால் படியுங்கள். ஒரு இதழுக்குப் பத்து நிமிடம் ஆகும். வேறு வழியில்லை.

தீவுகளிலிருந்து செய்தி எவ்வளவு வேகமாக வந்தது என்பதையும் மனதில் வையுங்கள். பசிபிக் கடலடித் தந்தி 1902இல் ஃபிஜியைத் தொட்டுப் போனது. அதனால் ஃபிஜியின் தலைநகர் சுவாவிலிருந்து மறுநாளே செய்தி வரும். சமோவாவுக்கும் டோங்காவுக்கும் அந்தத் தந்தி இல்லை. வானொலித் தந்தி வரும்வரை சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் நடந்தது அடுத்த கப்பல் வந்தால்தான் வெளியே தெரியும். ஆப்பியா செய்தி இரண்டு வாரம் கழித்து அச்சாவது சாதாரணம். எனவே நிகழ்ச்சி நடந்த நாளைப் பத்திரிகைத் தேதியிலிருந்து ஊகிக்காதீர்கள்.

பேப்பர்ஸ் பாஸ்டில் ஆப்பியாவிலேயே அச்சான ‘சமோவானிஷே ஸைட்டுங்’ இதழும் இருக்கிறது. பெயர் ஜெர்மன் என்று பயந்து விடவேண்டாம், உள்ளே ஆங்கிலப் பகுதியும் உண்டு. நியூகினிப் பக்கத்துக்கு ட்ரோவில் ‘பாப்புவன் கூரியர்’, ‘ரபவுல் டைம்ஸ்’ இதழ்களும், 1930 ஆகஸ்டில் தொடங்கிய ‘பசிபிக் ஐலண்ட்ஸ் மந்த்லி’யும் கிடைக்கும். கப்பல் வந்து இறங்கிய இடத்திலிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக ஒன்று. ‘குளிர்காலச் சுற்றுலா’ என்று படித்தவுடன் டிசம்பரில் போய்த் தேடுகிறார்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் குளிர்காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தீவுகளில் புயல் பருவம். பயணிகள் கூட்டம் மே முதல் அக்டோபர் வரைதான் அதிகம். மாதம் தெரியாத டைரி என்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

5. தேதிக் கோட்டைச் சமாளியுங்கள்

பசிபிக் நடுவே ஓடும் தேதிக் கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டினால் நாட்காட்டி ஒரு நாள் பின்னால் போகும். என் முதல் முயற்சியில் இரண்டு வாரம் வீணானது இங்கேதான். கப்பல் சுவாவிலிருந்து ஆப்பியாவுக்கு ஒரே நாளில் பறந்ததுபோல நாட்காட்டி காட்டியது. டைரிக்காரர் பொய் சொல்கிறார் என்று எண்ணிவிட்டேன். பொய் இல்லை. சமோவா 1892 ஜூலையில் 4ஆம் தேதியை இரண்டு முறை வைத்துக்கொண்டு அமெரிக்கப் பக்கத் தேதிக்கு மாறியது. 2011 டிசம்பர் 30ஐத் தாவிக் குதித்துத் திரும்பும்வரை அப்படியே இருந்தது. ஆகவே நம் காலகட்டம் முழுவதும் ஆப்பியா, நியூசிலாந்துக்கும் ஃபிஜிக்கும் ஒரு நாள் பின்னால்.

டோங்கா, வரைபடத்தில் 180 பாகைக் கோட்டுக்குக் கிழக்கே இருந்தாலும் நியூசிலாந்துத் தேதியையே வைத்திருந்தது. சமோவாவும் டோங்காவும் அருகருகே, ஆனால் தேதி வேறு. குக் தீவுகளின் ராரோடோங்கா போகும் பயணம் என்றால் அங்கும் ஒரு நாள் பின்னால்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவாவிலிருந்து ஆப்பியா ஏறத்தாழ 620 கடல் மைல். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் 52 மணி நேரம். திங்கள் நண்பகல் சுவாவில் புறப்பட்டால் சுவாக் கணக்கில் புதன் மாலை 4 மணிக்குப் போய்ச் சேரும். ஆப்பியாவில் அப்போது செவ்வாய் மாலை. டைரியில் “செவ்வாய் மாலை நங்கூரமிட்டோம்” என்றிருந்தால் அது சரியான தகவல்.

பதிந்த நிகழ்ச்சி ஒன்றையும் சொல்கிறேன். ‘டலூன்’ கப்பல் 1918 அக்டோபர் 30 அன்று ஆக்லாந்தில் புறப்பட்டு, ஃபிஜியைத் தொட்டு, நவம்பர் 7 அன்று ஆப்பியா சேர்ந்தது. ஆக்லாந்து நாட்காட்டியில் அது நவம்பர் 8. அந்தக் கப்பலில் போன இன்ஃப்ளூயன்சா மேற்கு சமோவாவின் மக்களில் ஐந்தில் ஒருவரைக் கொன்றது. பக்கத்திலிருந்த அமெரிக்க சமோவா கப்பல்களைத் தனிமைப்படுத்தியதால் ஒருவரையும் இழக்கவில்லை. இந்த ஊர்களில் 1918 இறுதிக்கு முன்னும் பின்னும் நடந்த இரண்டு பயணங்களை ஒரே தட்டில் வைத்து எழுதாதீர்கள். அடுத்த ஆண்டு கரையிறங்கிய பயணி பார்த்த ஊர், ஐந்தில் ஒருவரைப் புதைத்துவிட்டு நின்ற ஊர்.

விரிதாளில் இரண்டு தேதிப் பத்தி போடச் சொன்னது இதற்காகத்தான். கப்பலின் தேதியை ஒன்றில், ஊரின் தேதியை மற்றொன்றில் எழுதுங்கள். எது எந்தத் தேதி என்று தெரியாதபோது கிழமையை வைத்து முடிவு செய்யுங்கள்.

6. ஊர்ப் பெயர்களை மாற்றி எழுதுங்கள்

பழைய பெயரை அப்படியே துறைமுகப் பத்தியிலும் இன்றைய பெயரைக் குறிப்புப் பத்தியிலும் வையுங்கள். நியூ ஹெப்ரிடீஸ் இன்றைய வனுவாட்டு. கில்பர்ட் தீவுகள் கிரிபாட்டியின் பகுதி. எல்லிஸ் தீவுகள் துவாலு. சாவேஜ் தீவு நியூயே. ஓஷன் தீவு பனாபா. ஃபிரெண்ட்லி தீவுகள் என்றால் டோங்கா.

ஜெர்மன் பெயர்கள் கொஞ்சம் படுத்தும். ஹெர்பர்ட்ஷோஹ இன்றைய கொக்கோப்போ. 1910 வரை ஜெர்மன் நியூகினியின் தலைநகர் அது, பிறகுதான் ரபவுல். ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் இன்றைய மடாங். சாலமனில் 1942 வரை நிர்வாகம் இருந்தது துலாகியில். இன்றைய தலைநகர் ஹோனியாராவை 1920களின் டைரியில் தேடிப் பயனில்லை.

7. தூரத்தை வகுத்துச் சரிபாருங்கள்

இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கப்பலின் வேகத்தால் வகுங்கள். ஆக்லாந்து – சுவா ஏறத்தாழ 1,140 கடல் மைல். 12 நாட் வேகத்தில் 95 மணி, அதாவது நான்கு நாள். உங்கள் நாட்காட்டியில் இரண்டரை நாள் என்று வந்தால் எங்கோ பிழை. ஆறு நாள் என்றால் நடுவில் வேறு எங்கோ நின்றிருக்கிறது, அல்லது புயல். இரண்டும் செய்தியாக அச்சாகியிருக்கும், தேடுங்கள்.

கப்பல் செய்தியில் ‘மைல்’ என்றால் அநேகமாகக் கடல் மைல், 1.852 கிலோமீட்டர். நிலத்து மைலாக எண்ணினால் வேகம் தப்பாக வரும்.

8. சரக்கைப் படியுங்கள்

இதை வேண்டாத வேலை என்று தாண்டிப் போகிறார்கள். ஆனால் பயணிக்கு நேர்ந்ததில் பாதிக்குக் காரணம் சரக்குதான்.

போகும்போது கப்பலில் மாவு, தகரம், துணி, மண்ணெண்ணெய், தபால். வரும்போது கொப்பரை, பழம். கொப்பரை எந்தக் கரையில் எத்தனை மூட்டை குவிந்திருக்கிறது என்பது கப்பல் போய்ச் சேரும்போதுதான் தெரியும். சின்னச் சின்னப் படகுகளில் மூட்டையைக் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். அலை அதிகம் என்றால் காத்திருக்க வேண்டும். பயணி டைரியில் “இன்றும் இங்கேயே” என்று எழுதியிருப்பார். அந்த நாள் எதற்காக என்று சரக்குப் பட்டியல் சொல்லும்.

கொப்பரை மூட்டைக்கு நடுவே பயணம் செய்வது எப்படி என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. வாடை, எண்ணெய்ப் பிசுக்கு, மூட்டையிலிருந்து பறந்து சாப்பாட்டு மேசைவரை வரும் சிறு வண்டு. விளம்பரப் புத்தகத்தில் இது இருக்காது, டைரியில் கட்டாயம் இருக்கும்.

வாழைப்பழம் வேறு கதை. ஃபிஜியில் ஏற்றிய பழம் அழுகுவதற்குள் ஆக்லாந்து போய்ச் சேர வேண்டும். ஆகவே போகும் வழியில் தாமதம் சகஜம், பழம் ஏற்றிய பிறகு அவசரம். திரும்பும் தேதி உறுதியாகத் தெரிந்தால் கடைசித் துறைமுகத் தேதியைத் துணிந்து கணக்கிடலாம். நடுத் தீவுகளின் தேதியை அப்படிக் கணக்கிடாதீர்கள்.

9. ஆட்களைத் தேடுங்கள்

இப்போதுதான் பயணிகள் பட்டியலுக்கு வர வேண்டும். நாள் உறுதியாகிவிட்டதால் தேடுவது ஒரே பட்டியலில்.

பத்திரிகை சலூன் வகுப்பு, அதாவது மேல் வகுப்புப் பயணிகளின் பெயரை மட்டும் போடும். கீழ்த்தட்டில் போனவர்கள் “மேலும் பதினான்கு பேர்” என்று எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். “மிஸ்ஸஸ் பிரவுன்” என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 2 என்றிருந்தால் மணமாகாத பிரவுன் சகோதரிகள் இருவர் (இது ‘மிஸ்’ என்பதன் பன்மை, ‘மிசஸ்’ இல்லை). அது அறை எண் இல்லை. திருமணமான பெண்கள் கணவர் பெயரில்தான் இருப்பார்கள். அவர்களின் சொந்தப் பெயருக்கு அதிகாரபூர்வப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

சிட்னிக்குள் வந்தவர்களின் பட்டியல்களை 1922 வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ‘மரைனர்ஸ் அண்ட் ஷிப்ஸ் இன் ஆஸ்திரேலியன் வாட்டர்ஸ்’ தளத்தில் வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்துப் பட்டியல்களின் படங்கள் ஃபேமிலிசர்ச்சில். அவை வந்து இறங்கியவர்களின் பட்டியல் என்பதை மறக்கவேண்டாம். சுற்றுப் பயணி திரும்பும்போதுதான் அதில் ஏறுவார். எழுத்துக்கூட்டல் காதில் விழுந்தபடி இருக்கும், வயதை நம்பாதீர்கள்.

ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன குடும்பத்தினரைத் தேடும் தமிழர்கள் சிலர் இந்தப் பட்டியல்களில் தேடி ஏமாந்து போகிறார்கள். அவர்களை ஏற்றிவந்தது வேறு கப்பல்கள், 1903 முதல் சென்னையிலிருந்தும் நேராக. அவர்களுக்கான பதிவு ‘எமிகிரேஷன் பாஸ்’ என்ற சீட்டு. அதில் ஊர், மாவட்டம், சாதி, உயரம்வரை இருக்கும். தேட வேண்டிய இடம் அதுதான்.

10. டைரியையும் படத்தையும் கடைசியில் எடுங்கள்

நாட்காட்டி தயாரான பிறகு டைரியைப் படித்தால் ஒவ்வொரு வரியும் தன் இடத்தில் போய் உட்காரும். முன்பே படித்தால் அதன் பிழைகள் உங்கள் பிழைகளாகிவிடும்.

ஆண்டே தெரியாதபோது டைரிக்குள் இருக்கும் சில அடையாளங்கள் உதவும். சமோவாவின் சவாயித் தீவில் எரிமலைக் குழம்பு கடலில் இறங்கும் சிவப்பு வெளிச்சத்தை இரவில் பார்த்ததாக இருந்தால், மட்டவானு எரிமலை உயிரோடிருந்த 1905 முதல் 1911 வரையிலான பயணம். டோங்காவில் அரசர் என்றிருந்தால் 1918க்கு முன், அரசி என்றிருந்தால் பின். ஆப்பியாவில் மார்க் நாணயத்தில் பொருள் வாங்கினால், அநேகமாக நியூசிலாந்துப் படை இறங்கிய 1914 ஆகஸ்ட் 29க்கு முன். சுவாவில் கிராண்ட் பசிபிக் ஹோட்டலில் தேநீர் குடித்திருந்தால் 1914க்கு முன் இருக்க முடியாது.

படங்களில் ஆப்பியாத் துறைமுகத்தை எளிதாக அடையாளம் காணலாம். 1889 மார்ச் புயல் தூக்கிப் பாறைமேல் போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் ‘ஆட்லர்’ துருப்பிடித்த எலும்புக்கூடாக அங்கேயே பல பத்தாண்டுகள் கிடந்தது. ரபவுல் என்றால் 1937 மே எரிமலை வெடிப்புக்கு முன்னும் பின்னும் துறைமுகத்தின் தோற்றமே வேறு.

அஞ்சலட்டையில் உள்ள படம் பயணத்தின்போது எடுத்தது என்று எண்ணாதீர்கள். 1884இல் வைராராப்பாவில் போய்ப் படமெடுத்த ஆல்ஃபிரட் பர்ட்டனின் புகைப்பட நிலையத்தை 1898இல் மூயர் அண்ட் மூடி நிறுவனம் எடுத்துக்கொண்டது. பழைய தகடுகளிலிருந்து படங்கள் தொடர்ந்து விற்பனையாயின. இருபது ஆண்டு பழைய படம் புது அட்டையில் வருவது இந்தத் தொழிலில் வழக்கம். அட்டையின் பின்பக்கம்தான் தேதி சொல்லும். முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்த அட்டை பிரிட்டனில் 1902இல் வந்தது, ஜெர்மனியில் 1905இல். அதற்கு முன் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே.

தபால் முத்திரையிலும் ஒரு பொறி உண்டு. கடலில், கப்பலிலேயே போட்ட கடிதத்துக்கு அடுத்த துறைமுகத்தில்தான் முத்திரை விழும். ‘பாக்கபோ’ என்ற முத்திரை கூடவே இருந்தால் அது கப்பலில் தபாலில் சேர்த்தது. தபால்தலை ஒரு நாட்டினுடையதும் முத்திரை வேறு நாட்டினுடையதுமாக இருந்தால் குழம்ப வேண்டாம், கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்தத் தலையை ஒட்டலாம்.

11. கரையில் கழித்த நாளை நிரப்புங்கள்

சுவாவில் ஒரு நாள் கிடைத்தால் பலர் ரேவா ஆற்றில் படகேறி நவ்சோரி சர்க்கரை ஆலைவரை போய்வந்தார்கள். டைரியில் ஆறு இருக்கும், ஆலையின் சத்தம் இருக்கும், கரும்புச் சாற்றின் வாசனை இருக்கும். அந்தக் கரும்பை வெட்டியவர்கள் ‘கூலிகள்’ என்று ஒரு சொல்லில் முடிந்துவிடுவார்கள். அதில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். 1920 ஜனவரி 1 அன்று மீதமிருந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின. அதற்கு முந்தைய பயணம் என்றால், அன்று அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பலர் விலக முடியாத ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். இதைக் குறிப்புப் பத்தியில் எழுதிவையுங்கள். பயணி எழுதவில்லை என்பதற்காக நீங்களும் விட்டுவிடக் கூடாது.

கப்பலும் தான் போன இடத்தில் எதையாவது விட்டுவிட்டு வரும். மகாம்போ 1918 ஜூனில் லார்ட் ஹோவ் தீவில் தரைதட்டியபோது அதிலிருந்து இறங்கிய எலிகள், அந்தத் தீவில் மட்டுமே இருந்த பறவை இனங்கள் சிலவற்றை அடியோடு அழித்தன. எலிகளை ஒழிக்கும் பெரிய முயற்சி 2019இல்தான் நடந்தது. நீங்கள் மீட்கும் பயணத்துக்கு முன்னும் பின்னும் அதே கப்பல் என்ன செய்தது என்று ஒரு மாதம் இப்படியும் அப்படியும் பார்த்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு வந்தால்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. கப்பல் கட்டணம் கினியில் இருந்தால் பவுண்டு என்று மாற்றிப் படிக்காதீர்கள்.

12. எழுதும்போது

ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறி போடுங்கள். பத்திரிகையில் அச்சானது என்றால் ‘உறுதி’. தூரத்தை வகுத்துக் கண்டது என்றால் ‘கணக்கு’. மற்றதெல்லாம் ‘ஊகம்’. ஊகத்தை உறுதியாக மாற்றிக்கொள்ளும் ஆசை இந்த இடத்தில்தான் வரும். கிடைக்காத நாளை வெற்றாக விடுங்கள். இரண்டு மாதம் கழித்து வேறு கப்பலைத் தேடும்போது அந்த நாள் தானாகக் கண்ணில் படும், எனக்குப் பலமுறை அப்படி நடந்திருக்கிறது.

இரண்டு பத்திரிகை இரண்டு தேதி சொன்னால் இரண்டையும் எழுதிவையுங்கள். துறைமுகத்துக்கு அருகில் அச்சானதற்கு முன்னுரிமை.

ட்ரோவில் கணினி தப்பாகப் படித்த வரியைத் திருத்த அங்கேயே வசதி இருக்கிறது. உங்களுக்கு உதவிய செய்திகளில் கப்பல் பெயரையும் ஆட்களின் பெயரையுமாவது திருத்திவிட்டு வாருங்கள். ஒரு செய்திக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, அடுத்து தேடுகிறவருக்கு அது முதல் தேடலிலேயே கிடைக்கும்.